எண் விடை வரவில்லையா, தவறாக வருகிறதா? கணித மென்பொருளில் சார்பின் மதிப்பைச் சோதிக்கும் முறை

ஒரு சார்பை மென்பொருளிடம் கொடுத்து எண் மதிப்பைக் கேட்கும்போது கோளாறு மூன்று விதமாக வரும். கொடுத்த கோவையே அப்படியே திரும்பி வந்து நிற்கும். அல்லது நேன் (எண் அல்ல), இன்ஃப் (முடிவிலி), கேட்காத கலப்பெண் என்று ஏதாவது வரும். அல்லது பதினாறு இலக்கங்களுடன் லட்சணமான ஓர் எண் வரும், அது தப்பாக இருக்கும். முதல் இரண்டும் கூப்பிட்டுச் சொல்லிவிடும். மூன்றாவது வாய் திறக்காது, அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது.

சந்தேகம் வந்தவுடன் துல்லியத்தைக் கூட்டிப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். அதற்கு இடம் உண்டு, ஆனால் முதல் இடம் அல்ல. தப்பாக எழுதிய சூத்திரத்தை ஐம்பது இலக்கத்தில் கணக்கிட்டால் ஐம்பது இலக்கத்தில் தப்பு வரும்.

முதலில் எழுதியதைச் சரிபாருங்கள்

விடை கையில் தெரிந்த ஒரு புள்ளியை எடுத்துச் சார்பில் போடுங்கள். சைன்(30) கேட்டு 0.5-க்குப் பதில் −0.988 வந்தால் கோணம் ரேடியனில் போயிருக்கிறது. கோவை நீளமாக இருந்தால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக மதிப்பு வாங்குங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலான கோளாறுகள் இங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுக்குக்குறி அடிக்கடி ஏமாற்றும். பைத்தானில் தொப்பிக் குறி அடுக்கே அல்ல, பிட் அளவிலான செயல். அதனால் 2^3 என்றால் 8 வராது, 1 வரும். அடுக்குக்கு இரட்டை நட்சத்திரம் போட வேண்டும். 2^3^2 என்று எழுதினால் மேட்லேப் இடமிருந்து கணக்கிட்டு 64 தரும். பைத்தானில் இதையே இரட்டை நட்சத்திரத்தால் எழுதினால் வலமிருந்து கணக்கிட்டு 512 தரும். −2^2 என்பது இரண்டிலுமே −4. அடைப்புக்குறி போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை.

மேத்தமேட்டிகாவில் சார்புக்குச் சதுர அடைப்பு. வளைவு அடைப்பு போட்டால் அது பெருக்கல் என்று எடுத்துக்கொள்ளும், பிழைச் செய்தியும் வராது. மேட்லேப், ஆக்டேவில் உறுப்புக்கு உறுப்பு பெருக்க, அடுக்க, வகுக்கப் புள்ளி சேர்த்த குறிகள் வேண்டும். புள்ளியை விட்டுவிட்டால் அணிப் பெருக்கல் நடக்கும். அளவுகள் பொருந்தாவிட்டால் பிழை வரும், சதுர அணியாக அமைந்துவிட்டால் சத்தமில்லாமல் வேறு விடை வரும்.

லாக் என்ற பெயர் பெரும்பாலான மென்பொருள்களில் இயல் மடக்கையைக் குறிக்கும், 10 அடிமான மடக்கையை அல்ல. அடிமானத்தையும் சேர்த்துக் கொடுக்கும்போது மேத்தமேட்டிகாவில் அடிமானம் முதலில் வரும், பைத்தானின் மேத் தொகுப்பில் இரண்டாவதாக வரும்.

சிறப்புச் சார்புகளில் இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. பெயர் ஒன்றாக இருந்தும் வரையறை மாறும். முழு நீள்வட்டத் தொகை ‘கே’-யை மேத்தமேட்டிகா, மேட்லேப், பைத்தானின் அறிவியல் நூலகமான சைபை மூன்றும் ‘எம்’ என்ற அளவுருவால் வாங்குகின்றன. மேப்பிளும் சி++ நிலையான நூலகமும் அதன் வர்க்கமூலமான ‘மட்டு’ என்ற எண்ணை வாங்குகின்றன. இரண்டிலும் 0.5 கொடுத்தால் ஒன்றில் 1.85407, மற்றதில் 1.68575. அவரவர் வரையறைப்படி இரண்டும் சரி. சிங்க் சார்பும் (சைன் எக்ஸ் / எக்ஸ்) அப்படித்தான். பைத்தானின் எண் அணி நூலகமான நம்பையிலும் மேட்லேப்பிலும் உள்ளே பை பெருக்கி வரும், மேத்தமேட்டிகாவில் வராது. வேறு மென்பொருளோடு விடை ஒத்துவரவில்லை என்றால், ரவுண்டிங்கைச் சந்தேகிக்கும் முன் உதவிப் பக்கத்தில் வரையறை வரியைப் படியுங்கள்.

முழுஎண் வகையையும் ஒரு பார்வை பாருங்கள். 64 பிட் முழுஎண்ணில் 20! வரைதான் கொள்ளும். நம்பை அணியில் 21! போட்டால் மதிப்பு சுற்றிக்கொண்டு எதிர்மறையாகக்கூட வரும். மேட்லேப்பில் 8 பிட் முழுஎண்ணாக 100-ஐயும் 100-ஐயும் கூட்டினால் 127-இல் முட்டி நின்றுவிடும்.

கோவை கோவையாகவே நிற்கிறதா?

குறியீட்டு மென்பொருளில் சைன்(1) என்று கேட்டால் சைன்(1) என்றே திரும்புவது கோளாறு அல்ல, அதுதான் துல்லியமான விடை. எண் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும்: மேத்தமேட்டிகாவில் ‘என்’, மேப்பிளிலும் பைத்தானின் குறியீட்டு நூலகமான சிம்பையிலும் ‘ஈவால்எஃப்’, மேக்சிமாவில் ‘ஃபுளோட்’ அல்லது ‘பிஃபுளோட்’, மேட்லேப் குறியீட்டுத் தொகுப்பில் ‘வீபீஏ’ அல்லது ‘டபுள்’.

அதைச் சொன்ன பிறகும் எண் வரவில்லை என்றால் உள்ளே எங்கோ மதிப்பு இல்லாத மாறி இருக்கிறது. கோவையில் மிஞ்சியுள்ள மாறிகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். சிம்பையில் ‘ஃப்ரீ சிம்பல்ஸ்’, மேக்சிமாவில் ‘லிஸ்ட்ஆஃப்வார்ஸ்’ அதைச் செய்யும். பல நேரம் குற்றவாளி ‘பை’யாகத்தான் இருக்கும். மேக்சிமாவில் சதவீதக் குறி சேர்த்து எழுதினால்தான் அது 3.14159, மேத்தமேட்டிகாவில் முதல் எழுத்து பெரிதாக இருந்தால்தான். இல்லையென்றால் மதிப்பில்லாத ஏதோ ஒரு மாறி.

சிம்பையில் இன்னொன்று. ‘எக்ஸ்’ என்று சும்மா உருவாக்கிய மாறியும், நேர்மறை என்ற நிபந்தனையுடன் உருவாக்கிய ‘எக்ஸ்’-உம் வேறு வேறு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒன்றுக்கு மதிப்பு கொடுத்தால் மற்றது அசையாது, எச்சரிக்கையும் வராது.

மேத்தமேட்டிகாவில் அதிகம் கேட்கப்படும் சிக்கல் வேறு. நீங்கள் எழுதிய சார்பு தனியாக எண் கொடுத்தால் ஒழுங்காக வேலை செய்யும். அதையே எண் தொகையிடலுக்கோ மூலம் தேடும் கட்டளைக்கோ கொடுத்தால், மதிப்பு எண்ணாக இல்லை என்று செய்தி வரும். காரணம், வெளிக் கட்டளை முதலில் எக்ஸ்-ஐ எழுத்தாகவே வைத்து உங்கள் சார்பை ஒருமுறை விரித்துப் பார்க்கிறது. உள்ளே வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் கட்டளையோ ஒப்பீடோ இருந்தால் எழுத்தை வைத்துக்கொண்டு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சார்பை வரையறுக்கும் இடத்தில், மாறிக்குப் பின்னால் கேள்விக்குறியோடு ‘நியூமெரிக்கியூ’ நிபந்தனையைச் சேர்த்தால் எண் வந்தால் மட்டுமே சார்பு விரியும். புதிய வரையறையை இயக்கும் முன் பழையதை ‘க்ளியர்’ கொண்டு அழிக்க மறக்காதீர்கள். நிபந்தனை இல்லாத பழைய வரையறை நினைவில் இருந்தால், எழுத்து வரும்போது அது முந்திக்கொண்டு வேலை செய்யும், திருத்தியும் பயனில்லை என்று தோன்றும்.

பைத்தானில் இதன் மறுபக்கம். மேத் தொகுப்பின் சைனுக்கு சிம்பை மாறியைக் கொடுத்தால் ஃபுளோட்டாக, அதாவது தசம எண்ணாக, மாற்ற முடியாது என்று நின்றுவிடும். கோவையை சிம்பையின் சைனால் எழுதி, கடைசியில் ‘லாம்டிஃபை’ மூலம் எண் சார்பாக மாற்றுங்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பதிலீடு செய்வதைவிட இது பல மடங்கு வேகம். வழக்கமாக அது இயந்திரத் துல்லியத்தில்தான் (ஏறத்தாழ 16 இலக்கம்) ஓடும். கூடுதல் இலக்கம் வேண்டுமானால் தொகுப்பாக, வேண்டிய இலக்கம் வரை கணக்கிடும் எம்பிமேத் நூலகத்தைக் குறிப்பிட வேண்டும்.

மேட்லேப்பின் ‘இன்டக்ரல்’ உங்கள் சார்புக்கு ஒரு எண்ணை அல்ல, எண்களின் வரிசையையே அனுப்பும். உள்ளே ‘இஃப்’ வைத்துத் துண்டு துண்டாக வரையறுத்திருந்தால், வரிசையின் எல்லா உறுப்புகளுக்கும் நிபந்தனை உண்மையாக இருந்தால் மட்டுமே அந்தக் கிளைக்குள் போகும். ஒன்று தப்பினாலும் மொத்த வரிசையும் மறு கிளைக்குப் போய்விடும், விடை அமைதியாகக் கெடும். நிபந்தனையை உறுப்புவாரியாக எழுதுங்கள், அல்லது ‘அரேவேல்யூட்’ விருப்பத்தை இயக்குங்கள்.

நேன், இன்ஃப், கேட்காத கலப்பெண்

நேன் என்றால் எண் அல்ல. 0/0, முடிவிலி வகுத்தல் முடிவிலி, முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தல், சுழி பெருக்கல் முடிவிலி, மெய்யெண் கணக்கில் எதிர்மறை எண்ணின் வர்க்கமூலம் போன்றவைதான் அது பிறக்கும் இடங்கள். ஒருமுறை பிறந்துவிட்டால் தொட்ட கணக்கையெல்லாம் நேனாக்கும். ஆகவே கடைசி விடையை உற்றுப் பார்த்துப் பயனில்லை, முதல் நேன் எங்கே வந்தது என்று தேடுங்கள். நேன் தனக்கே சமமில்லை, அதனால் சமக்குறி போட்டுத் தேடினால் கிடைக்காது. ‘இஸ்நேன்’ சோதனையைப் பயன்படுத்துங்கள்.

டபுள் எனப்படும் இரட்டைத் துல்லிய எண்ணின் உச்சம் ஏறத்தாழ 1.8 × 10³⁰⁸. எக்ஸ்ப்(709), அதாவது ஈ-இன் 709-ஆம் அடுக்கு, உள்ளே அடங்கும், எக்ஸ்ப்(710) இன்ஃப். 170! அடங்கும், 171! அடங்காது. ஒற்றைத் துல்லியத்தில் உச்சம் 3.4 × 10³⁸ மட்டுமே, எக்ஸ்ப்(89)-லேயே கதை முடிந்துவிடும்.

பெரும்பாலும் விடை சின்னதாகத்தான் இருக்கும், இடையில் வரும் எண்தான் நிரம்பி வழியும். எக்ஸ்ப்(எக்ஸ்) / (1 + எக்ஸ்ப்(எக்ஸ்)) என்ற சார்பு எக்ஸ் 710 ஆகும்போது நேன் தரும், உண்மை விடையோ 1. மேலும் கீழும் எக்ஸ்ப்(எக்ஸ்)-ஆல் வகுத்து 1 / (1 + எக்ஸ்ப்(−எக்ஸ்)) என்று எழுதினால் சிக்கல் தீரும். 200! / 198! வேண்டுமென்றால் காமா சார்பின் மடக்கையை எடுத்துக் கழித்துவிட்டு எக்ஸ்ப் போடுங்கள், 39800 வரும், கடைசி சில இலக்கங்கள் மட்டும் சற்றே அசையும். √(அ² + ஆ²) இரண்டும் 10²⁰⁰ அளவில் இருந்தால் வர்க்கமே வழிந்துவிடும். இதற்கென்றே ‘ஹைப்பாட்’ இருக்கிறது. எக்ஸ்ப்களின் கூட்டுத்தொகைக்கு மடக்கை எடுக்கும்போது, மிகப் பெரிய அடுக்கை முதலில் வெளியே எடுத்துவிட்டு மீதியைக் கூட்டுங்கள். சைபையில் ‘லாக்சம்எக்ஸ்ப்’ இதையே செய்கிறது.

−8-இன் கனமூலம் −2 என்று எதிர்பார்த்து 1/3 அடுக்கு போட்டால் மேட்லேப்பும் பைத்தானும் 1 + 1.7321i என்ற கலப்பெண்ணைத் தரும். நம்பை மெய்யெண் அணி நேன் தரும். அடுக்கு என்பது முதன்மை மடக்கை வழியாக வரையறுக்கப்பட்டிருப்பதால் அதுதான் முதன்மை மதிப்பு. மெய் மூலம் வேண்டுமானால் மேட்லேப்பில் ‘என்த்ரூட்’, நம்பையில் ‘சிபிஆர்டி’, மேத்தமேட்டிகாவில் ‘க்யூப்ரூட்’ அல்லது ‘சர்ட்’.

இரண்டு திசையன்களுக்கு இடையேயான கோணத்துக்கு ஆர்க்காஸ் போடும்போது உள்ளே 1.0000000000000002 போய்விட்டால் நேனோ சிறு கற்பனைப் பகுதியோ வரும். மதிப்பை −1-க்கும் 1-க்கும் இடையே கட்டிப்போடலாம். ஆனால் கோணம் சின்னதாக இருந்தால் ஆர்க்காஸ் எப்படியும் துல்லியத்தை இழக்கும். குறுக்குப் பெருக்கலின் நீளத்தையும் புள்ளிப் பெருக்கலையும் ‘ஏடேன்2’-க்குக் கொடுப்பதுதான் சரியான வழி.

எண் வருகிறது, ஆனால் தவறு

திரையில் தெரிவது முழு எண் அல்ல என்பதை முதலில் நினைவில் வையுங்கள். மேட்லேப் வழக்கமாக 4 தசம இடங்களையும், மேத்தமேட்டிகா 6 இலக்கங்களையும், நம்பை அணிகள் 8 தசம இடங்களையும் மட்டுமே காட்டும். திரையிலிருந்து எண்ணை நகலெடுத்து அடுத்த கணக்கில் ஒட்டினால் மீதி இலக்கங்கள் அங்கேயே போய்விடும். ஒரு டபுள் மதிப்பை அப்படியே மீட்க 17 பொருளுள்ள இலக்கங்கள் வேண்டும்.

ஐஈஈஈ 754 தரப்படி டபுளில் 53 பிட் துல்லியம், ஏறத்தாழ 16 தசம இலக்கம். 1-க்கு மேலே அடுத்த எண் 2.2 × 10⁻¹⁶ தள்ளி இருக்கிறது, 1-க்குக் கீழே அதில் பாதித் தூரத்தில். இந்த ஒரு விவரத்தை வைத்துக்கொண்டே கீழே வருவதைப் புரிந்துகொள்ளலாம்.

(1 − காஸ் எக்ஸ்) / எக்ஸ்² என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் சுழியை நெருங்கும்போது விடை 0.5-ஐ நெருங்க வேண்டும். எக்ஸ் = 10⁻⁴ போட்டால் 0.5-க்குப் பக்கத்தில் வரும், ஆனால் எட்டு இலக்கம் வரைதான் நம்பலாம். எக்ஸ் = 1.2 × 10⁻⁸ போட்டால் 0.77 வரும். எக்ஸ் = 10⁻⁸ போட்டால் 0. எந்த இடத்திலும் எச்சரிக்கை கிடையாது.

நடந்தது இதுதான். எக்ஸ் = 10⁻⁸ என்றால் காஸின் உண்மை மதிப்பு 1 − 5 × 10⁻¹⁷. 1-க்குக் கீழே அடுத்த எண் 1.1 × 10⁻¹⁶ தள்ளி இருப்பதால், இது 1-க்கே அருகில், 1 என்றே பதிவாகும். கழித்தால் 0. எக்ஸ் = 1.2 × 10⁻⁸-இல் காஸ் 1-இலிருந்து 7.2 × 10⁻¹⁷ குறைகிறது. இது பாதி இடைவெளியைத் தாண்டிவிட்டதால் கீழே உள்ள எண்ணுக்குத் தள்ளப்படுகிறது. கழித்தால் 1.1 × 10⁻¹⁶, அதை 1.44 × 10⁻¹⁶-ஆல் வகுத்தால் 0.77. காஸ் தப்பே செய்யவில்லை, தன் கடைசி பிட் வரை சரியாகத்தான் தந்தது. கழித்தலும் தப்பு செய்யவில்லை. ஏறத்தாழ சமமான இரண்டு எண்களைக் கழித்ததில் முன்னால் இருந்த நல்ல இலக்கங்கள் அடிபட்டுப்போய், கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த ரவுண்டிங் பிழை மட்டும் விடையாக மேலே வந்துவிட்டது.

இதற்கு மருந்து கூடுதல் இலக்கம் அல்ல, கழித்தலையே ஒழிப்பதுதான். 1 − காஸ் எக்ஸ் என்பது 2 சைன்²(எக்ஸ்/2). அப்படி எழுதினால் எக்ஸ் எவ்வளவு சின்னதானாலும் முழுத் துல்லியம் கிடைக்கும்.

இதே நோய்க்குப் பல நூலகங்களில் தயாராகவே மருந்து இருக்கிறது. லாக்(1 + எக்ஸ்) எக்ஸ் = 10⁻¹⁵-இல் 1.11 × 10⁻¹⁵ தரும், 11 சதவீதம் தப்பு. ‘லாக்1பி’ சரியாகத் தரும். எக்ஸ்ப்(எக்ஸ்) − 1-க்கு ‘எக்ஸ்ப்எம்1’. பிழைச் சார்பான ஈஆர்எஃப்-இல் 1 − ஈஆர்எஃப்(6) சுழி என்று வரும், ‘ஈஆர்எஃப்சி’ 2.15 × 10⁻¹⁷ என்று சரியான விடை சொல்லும்.

இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரமும் இதில் மாட்டும். எக்ஸ்² − 10⁸ எக்ஸ் + 1 = 0-இன் சிறிய மூலம் 10⁻⁸. பள்ளிக்கூடச் சூத்திரத்தை டபுளில் போட்டால் 7.45 × 10⁻⁹ வரும், கால் பங்கு தப்பு. கூட்டல் வருகிற மூலத்தை மட்டும் சூத்திரத்தால் கண்டுபிடித்துவிட்டு, இரண்டு மூலங்களின் பெருக்கம் 1 என்பதால் 1-ஐ அதால் வகுத்து மற்றதை எடுங்கள்.

தொடர்களில் எடுத்துக்காட்டு எக்ஸ்ப்(−30). டெய்லர் தொடரில் உறுப்புகள் மாறி மாறிக் கூட்டல், கழித்தலாக வருகின்றன. மிகப் பெரிய உறுப்பு 7.8 × 10¹¹. அதன் ரவுண்டிங் பிழையே 10⁻⁴ அளவில் இருக்கும். உண்மை விடையோ 9.36 × 10⁻¹⁴. வருவது வெறும் குப்பை, குறிகூட எதிர்மறையாக வரலாம். எக்ஸ்ப்(30)-ஐத் தொடரால் கணக்கிட்டுத் தலைகீழாக்கினால் போதும். உங்கள் சொந்தத் தொடர் எதுவாக இருந்தாலும் மிகப் பெரிய உறுப்பையும் விடையையும் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் 10¹⁰ என்றால் பத்து இலக்கம் போயிற்று என்று அர்த்தம்.

சில நேரம் சூத்திரத்தில் குறையே இருக்காது, கேள்வியே நொய்ந்ததாக இருக்கும். அதை அளக்க |எக்ஸ் × வகைக்கெழு ÷ சார்பு| என்ற நிலை எண் உதவும். சைன் சார்புக்கு எக்ஸ் = 3.14159-இல் அது ஏறத்தாழ 12 லட்சம், அதாவது ஆறு இலக்கம் அங்கே பறிபோகும். 3.14159 என்பதே ஆறு இலக்கத்துக்கு அளந்த எண்ணாக இருந்தால் விடையில் நம்பத்தக்க இலக்கம் ஒன்றும் மிஞ்சாது. எந்த மென்பொருளும் இதைக் காப்பாற்றாது. சைன்(பை) சுழி என்று வராமல் 1.22 × 10⁻¹⁶ என்று வருவதும் இதே காரணத்தால்தான்: டபுளில் இருக்கும் ‘பை’, உண்மையான பை அல்ல. அந்த எண்ணுக்கு சைன் சரியாகவே சொல்லியிருக்கிறது.

துல்லியத்தைக் கூட்டும் சோதனை

இப்போது அதன் முறை. உள்ளீட்டைப் பின்னமாகவோ மேற்கோளுக்குள் எழுத்தாகவோ கொடுங்கள். 30 இலக்கத்தில் ஒரு தடவை, 60-இல் ஒரு தடவை கணக்கிடுங்கள். டபுள் விடை இவற்றோடு எத்தனை இலக்கம் ஒத்துப்போகிறதோ, தோராயமாக அத்தனை இலக்கம்தான் அதில் நல்லது.

இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது உள்ளீட்டில்தான். எம்பிமேத்தில் துல்லியத்தை 50-ஆக வைத்துவிட்டு 0.1 என்று எண்ணாகக் கொடுத்தால், பைத்தான் அதை முன்கூட்டியே டபுளாக்கிவிட்டிருக்கும். உள்ளே போவது 0.1000000000000000055511… 50 இலக்கத்திலும் அந்தப் பிழையையே கவனமாகத் தூக்கிச் சுமக்கும். மேற்கோளுக்குள் ‘0.1’ என்று கொடுங்கள். சிம்பையில் 1/3 என்று எழுதினால் பைத்தான் முதலில் அதை வகுத்து ஃபுளோட்டாக்கிவிடும், ‘ரேஷனல்’ வழியாக எழுதுங்கள். மதிப்பைப் பதிலீடு செய்துவிட்டுப் பிறகு ஈவால்எஃப் போடுவதைவிட, ஈவால்எஃப்-க்குள்ளேயே ‘சப்ஸ்’ விருப்பமாகக் கொடுப்பது பாதுகாப்பு. மேத்தமேட்டிகாவில் கோவையில் ஒரே ஒரு இடத்தில் 0.1 இருந்தாலும் கணக்கு இயந்திரத் துல்லியத்துக்கு இறங்கிவிடும், 50 இலக்கம் கேட்டாலும் கிடைக்காது. 1/10 என்று எழுதி, ‘ப்ரிசிஷன்’ கட்டளையால் விடையைச் சோதியுங்கள். மேப்பிளில் ‘டிஜிட்ஸ்’ தானாக 10 மட்டுமே, டபுளைவிடக் குறைவு. மேக்சிமாவில் ‘எஃப்பிப்ரெக்’ கூட்டினால் ‘பிஃபுளோட்’ மட்டும்தான் மாறும், ‘ஃபுளோட்’ மாறாது.

மேத்தமேட்டிகா கேட்ட இலக்கத்தை எட்ட உள்ளே தானாகவே துல்லியத்தைக் கூட்டிக்கொள்ளும், ஆனால் கூடுதலாக 50 இலக்கம் வரைதான். அதற்குள் எட்டாவிட்டால் செய்தி தரும். வரம்பைக் கூட்டிப் பாருங்கள். 1000 வைத்தும் அதே செய்தி வந்தால் விடை உண்மையிலேயே சுழியாக இருக்க வாய்ப்பு அதிகம். சைன்²1 + காஸ்²1 − 1 போன்ற கோவைக்கு எத்தனை இலக்கம் கொடுத்தாலும் முதல் பொருளுள்ள இலக்கம் கிடைக்காது. அதைச் சுருக்கும் கட்டளையால்தான் தீர்க்க வேண்டும்.

இரண்டு துல்லியத்தில் ஒரே விடை வந்தால் சரி என்று முடிவு கட்டலாமா? கட்டக்கூடாது என்பதற்கு 1988-இல் கணிதவியலாளர் ரம்ப் தந்த எடுத்துக்காட்டு இன்றும் போதும்:

333.75ஆ⁶ + அ²(11அ²ஆ² − ஆ⁶ − 121ஆ⁴ − 2) + 5.5ஆ⁸ + அ/(2ஆ), அ = 77617, ஆ = 33096.

அன்றைய ஐபிஎம் 370 கணினியில் ஒற்றை, இரட்டை, நீட்டித்த துல்லியம் மூன்றும் 1.1726… என்றே தந்தன, இலக்கங்கள் கூடக் கூட ஒத்துப்போயின. உண்மை விடை −0.8274, குறியே வேறு. இடையில் 10³⁶ அளவு எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், 40 இலக்கத்துக்கு மேல் போனால்தான் உண்மை தெரியும். அதனால்தான் 60 இலக்கத்தையும் சேர்த்துக் கேட்கச் சொன்னது. இடையில் வரும் மிகப் பெரிய எண்ணின் அடுக்கைப் பார்த்து, அதற்கு மேல் இருபது இலக்கமாவது கூட்டி வைப்பது நல்ல பழக்கம்.

உறுதி வேண்டும் என்றால் இடைவெளிக் கணிதம், அதாவது ஒற்றை எண்ணுக்குப் பதில் விடை கட்டாயம் அடங்கும் இடைவெளியைத் தரும் கணக்கு. ஆர்ப் நூலகம், 2023 முதல் ஃபிளின்ட் என்ற எண் கோட்பாட்டு நூலகத்தின் பகுதி, விடையோடு பிழையின் ஆரத்தையும் சேர்த்தே தரும். ஆரம் பெரிதாக வந்தால் இலக்கம் போதவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

சார்பு சரி, அதைச் சுற்றிய கட்டளை தவறு

எக்ஸ்ப்(−எக்ஸ்²)-ஐ 0 முதல் 10000 வரை சைபையின் ‘க்வாட்’ கொண்டு தொகையிட்டால் சுழியை ஒட்டிய விடை வரும், பிழை மதிப்பீடும் சுழி என்றே சொல்லும். உண்மை 0.886. முதல் சுற்றில் அது பார்க்கும் 21 புள்ளிகளில் சுழிக்கு மிக அருகில் உள்ளதே 22-ஐ ஒட்டி இருக்கிறது, அங்கே சார்பின் மதிப்பு 10⁻²⁰⁰-க்கும் கீழே. முகடு இருந்த இடத்தையே அது எட்டிப்பார்க்கவில்லை. வரம்பைச் சுருக்குங்கள், அல்லது முகடு இருக்கும் இடத்தைப் ‘பாயிண்ட்ஸ்’ விருப்பத்தில் சொல்லுங்கள்.

மூலம் தேடும்போது குறி மாறும் இடமெல்லாம் மூலம் அல்ல. டேன் சார்பை 1-க்கும் 2-க்கும் இடையே தேடினால் 1.5708 என்று வரும், அங்கே சார்பு முடிவிலிக்குத் தாவுகிறது. கிடைத்த புள்ளியில் சார்பின் மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள்.

வகைக்கெழுவை வித்தியாசத்தால் எடுக்கும்போது படியை மிகச் சின்னதாக்கினால் மேலே சொன்ன கழித்தல் நோய் திரும்பி வரும். எக்ஸ் 1 அளவில் இருந்தால் முன்னோக்கு வித்தியாசத்துக்கு 10⁻⁸, மைய வித்தியாசத்துக்கு 6 × 10⁻⁶ அளவு பொருந்தும். சார்பு கலப்பெண்ணை ஏற்குமானால் கற்பனைத் திசையில் 10⁻²⁰ படி வைத்து, கற்பனைப் பகுதியைப் படியால் வகுக்கலாம், அங்கே கழித்தலே இல்லை. உள்ளே தனிமதிப்பு, பெரிது–சிறிது ஒப்பீடு, மேட்லேப்பின் ஒற்றை மேற்கோள் இடமாற்றுக் குறி ஆகியவை இருந்தால் மட்டும் இது வேலை செய்யாது. அந்த மேற்கோள் இணையெண்ணும் எடுத்துவிடும், புள்ளி சேர்த்ததைப் போடுங்கள்.

மென்பொருள் மீதே சந்தேகம் வந்தால்

நூலகங்களிலும் பிழைகள் உண்டு, குறிப்பாகச் சிறப்புச் சார்புகளில் பெரிய அளவுருக்கள், கலப்பெண் வெட்டுக்கோடுகளின் (சார்பின் மதிப்பு திடீரெனத் தாவும் கோடுகளின்) ஓரம் ஆகிய இடங்களில். ஆனால் இரண்டு மென்பொருள்கள் ஒத்துப்போவதை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். சைபையின் ‘க்வாட்’, ஆர்-இன் ‘இன்டக்ரேட்’, மேக்சிமாவின் ‘க்வாட்_க்யூஏஜிஎஸ்’ மூன்றுக்கும் அடியில் இருப்பது குவாட்பேக் என்ற ஒரே நூலகம்தான். சைபை விடையைச் சோதிக்க எம்பிமேத், மேத்தமேட்டிகா விடையைச் சோதிக்க ஆர்ப் என்று அடித்தளம் வேறாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உண்மையில் பிழைதான் என்றால் புகாரில் மூன்று நான்கு வரிக்குள் அடங்கும் நிரல், மென்பொருளின் முழுப் பதிப்பு எண், இயங்குதளம், வந்த விடை, எதிர்பார்த்த விடை, அந்த எதிர்பார்ப்பு எந்த வழியில் கிடைத்தது என்பதெல்லாம் இருக்கட்டும். உள்ளீட்டை 17 இலக்கத்திலோ பதினாறடிமான வடிவத்திலோ கொடுங்கள். 0.3 என்று எழுதி அனுப்பியது 0.1 + 0.2-இலிருந்து வந்த 0.30000000000000004 ஆக இருந்தால், படிப்பவர் கணினியில் அந்தப் பிழை எழவே எழாது.